பல்லுக்காரர் மனைவிக்குக் கிடைத்த இரண்டு இடங்கள்

அன்று காலை அந்தச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டாக்டர்களுக்குப் பல்செட்டு கட்டிக் கொடுக்கிற பல்லுக்காரர். அவருக்கு எதிரே, ஒரு கால் ஆடுகிற நாற்காலியில் அவருடைய தங்கை. சமையலறை வாசலை ஒட்டிப் போட்ட முக்காலியில், யார் வந்தாலும் யார் போனாலும் கண்ணுக்குத் தப்பாத இடத்தில், மாமியார். நான்காவது ஆளான பல்லுக்காரர் மனைவிக்கும் நாற்காலி இருந்தது. ஆனால் அவள் உட்காரவில்லை. கைகழுவும் தொட்டியில் சாய்ந்தபடி ஆறிப்போன தேநீரோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவளுக்குச் சுண்ணாம்பு என்று பெயர். கல்யாணமான புதிதில் மாமியார் வைத்தது. எப்போது பார்த்தாலும் முழங்கை வரை பிளாஸ்டர் அப்பி வெள்ளை வெளேரென்று வந்து நின்றால் வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்?

மேஜை நடுவில் இரண்டு உறைகள் கிடந்தன. போன வாரம் ஒரே நாளில் வந்து வீட்டைக் கலக்கிய அதே உறைகள்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்பு சிற்பக்கலையில் பட்டம் வாங்கியவள், பத்து வருஷம் கழித்து மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாள். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். ஒன்று இதே ஊரில். மாலை வகுப்பு, வாரத்தில் மூன்று நாள், ஒரு மேஜைக்கு நான்கு பேர். மற்றது ரயிலேறினால் மறுநாள்தான் இறங்க முடிகிற தூரத்தில். இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அவளுக்கென்று தனியாக ஒரு வேலை அறை உண்டு. இரண்டு இடத்திலும் செலவை அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதால் அந்தச் சாக்கு யாருக்கும் இல்லை. கையெழுத்துப் போட்ட பதில் இன்றைய தபாலில் போயாக வேண்டும். போகாவிட்டால் இரண்டும் இல்லை.

"இதுல யோசிக்க என்ன அண்ணி இருக்கு?" தங்கைதான் ஆரம்பித்தாள். மின்சாரப் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க யார் யாரோ திட்டுவதை வாங்கிக்கொண்டு வருபவள். அதைத் திருப்பிக் கொடுக்க வீட்டை விட்டால் வேறு இடம் கிடையாது. "மூணு நாள் சாயங்காலம் போயிட்டு வாங்க. வீடும் ஆச்சு, படிப்பும் ஆச்சு. அதை விட்டுட்டு அவ்ளோ தூரம் போய்ப் பொம்மை செய்யணும்னு என்ன தலையெழுத்து?"

"பொம்மை இல்ல."

"சரி, பல்லு."

"பல்லும் இல்ல."

"அப்ப என்னதான் அது? நானும் வருஷக்கணக்கா பாக்குறேன், ஒரு எழவும் புரிய மாட்டேங்குது."

"புரியாததாலதாண்டி காலேஜ்ல இடம் குடுத்திருக்காங்க" என்றார் மாமியார். "புரிஞ்சிருந்தா உன் ஆபீஸ்ல இல்ல குடுத்திருப்பாங்க."

சுண்ணாம்புக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மாமியார் மகனிடம் திரும்பினார். "நீ என்னடா வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க? சொல்லேன்."

பல்லுக்காரர் இரண்டு கைகளையும் மேஜைக்குக் கீழே, மடியில் வைத்திருந்தார்.

"தூரத்துக்கே போகட்டும்."

நாற்காலியின் ஆட்டம் நின்றது. தங்கை வாயைத் திறந்தவள் மூடவில்லை. சுண்ணாம்பு தேநீர்க் குவளையைத் தொட்டிக்குள் வைத்தாள். 

"கடையை யாரு பாக்குறது?" என்றார் மாமியார். "சுண்ணாம்பு கலக்க, மெழுகு உருக்க ஒரு ஆள் வேணாமா?"

"வேணாம். கோர்ட்டுல பேர் கூப்பிடுற வேலை பாத்தாரே ஒரு பெரியவர், அவரோட பல்செட்டு இருக்கே, அதை முழுசா நான் ஒருத்தனாத்தான் முடிச்சேன். இவளுக்கே தெரியாது. முந்தாநாளே டாக்டர் மாட்டியும் விட்டாச்சு."

அம்மாவும் தங்கையும் இதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார்கள். பல் கட்டுகிறவன் பல் கட்டினான், இதில் என்ன அதிசயம்? சுண்ணாம்பு மட்டும் அவர் மடியையே பார்த்தாள். ஏனென்றால் பல்லுக்காரரின் வலது கை நடுங்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நரம்பு மருத்துவர், இது போகாது, மெல்ல மெல்லக் கூடும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கடையிலிருந்து வெளியே போன பல்செட்டு ஒவ்வொன்றும் சுண்ணாம்பு கட்டியது. டாக்டர்களிடம் பேசுவது அவர். பல்லின் நிறம் பார்த்துச் சொல்வது அவர். மெழுகில் பல்லை நட்டு, கடி பார்த்து, ஓரம் தேய்த்து முடிப்பது அவள். ஊருக்குத் தெரியாது. வீட்டுக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வீட்டின் முன்னறைதான் கடை. அவள் உள்ளே போய் விளக்கைப் போட்டாள். சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகள். தட்டு முழுக்க வெள்ளை வாய்கள். டாக்டர் அளவெடுத்து அனுப்புகிற அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தவை. வேலை முடிந்த பிறகு அவற்றை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அந்தப் பழைய வாய்களைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் சேர்த்து மூடி, நடுவில் இருக்கும் காலியிடத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றுவாள். இறுகியதும் வெளியே இருக்கும் வாயை உடைத்து எடுத்துவிடுவாள். மிஞ்சுவது நாக்கு புரள்கிற இடத்தின் உருவம். ஒருவர் பேசாமல் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருக்கிற இடம். ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அப்படிப் பன்னிரண்டை வரிசையாக வைத்துப் படம் எடுத்துத்தான் இரண்டு கல்லூரிக்கும் அனுப்பினாள்.

உள்ளூர் நேர்காணலில், "வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று கேட்டார்கள். தூரத்துக் கல்லூரியில் ஒரு அம்மாள் மட்டும் அந்தப் படங்களையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "வாயை உடைச்சாச்சு. அடுத்து எதை உடைக்கப் போறீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவள் அன்று ஏதோ உளறினாள். அதற்குப் பிறகு தினமும் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே பல்லுக்காரர் வந்தார்.

"நம்பலையா?"

"எப்ப செஞ்சீங்க?"

"நீ அந்தத் தூரத்துக் காலேஜ் நேர்காணலுக்குப் போயிருந்தப்ப. ரெண்டு முழங்கையையும் மேஜைல முட்டுக்குடுத்துட்டு, மெதுவா. அவசரப்படாம செஞ்சா வருது."

"எங்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாமே."

"காட்டினா நீ திருத்தியிருப்ப." கொஞ்சம் சிரித்தார். "போ. நிஜமாத்தான் சொல்றேன். எனக்காக நீ இங்க கெடக்கக் கூடாது."

அவர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். ஒருவேளை வருமோ? மெதுவாகச் செய்தால் வருமோ? தூரத்துக் கல்லூரி சொன்ன வேலை அறையில் வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல் இருக்கிறதாம். அந்த ஜன்னலடியில் மேஜையை எப்படிப் போடுவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டரின் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மேஜையில் வைத்துவிட்டு, "டாக்டர் போன் பண்ணுவார்" என்று மட்டும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது.

பல்லுக்காரர் போனைக் கையில் பிடித்துப் பேசுவதில்லை. மேஜை மேல் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவார். ஆகவே டாக்டர் பேசியது கடைக்குள் இருந்த எல்லாருக்கும் கேட்டது; வேலைக்குப் புறப்பட்டுப் பையோடு வாசலில் நின்ற தங்கைக்கும், உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமியாருக்கும்.

"என்ன சார் இது? அந்தப் பெரியவர் தண்ணிகூட முழுங்க முடியாம உக்காந்திருக்கார். ஒரு பக்கம் கடிச்சா மறு பக்கம் தூக்குது. உள்பக்க ஓரத்தைத் தேய்க்கவே இல்ல, கத்தி மாதிரி இருக்கு. ஈறு கிழிஞ்சு ரத்தம். புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சு மனுஷன் கழட்டாம பல்லைக் கடிச்சுட்டு இருந்திருக்கார்."

சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தன. மெழுகு இறுகுவதற்குள் கை ஆடியிருக்கிறது. ஓரத்தில் லேசாகச் சிவப்பு.

"இது உங்க கை இல்லன்னு எனக்குத் தெரியும் சார்" என்று டாக்டர் தொடர்ந்தார். "எத்தனை வருஷமா பாக்குறேன்? உங்க வீட்டம்மாவை விட்டுச் செய்யச் சொன்னீங்களா?"

 நர்ஸ் சுவரிலிருந்த வாய்களைப் பார்த்தாள். பல்லுக்காரர் வாயைத் திறந்தார்.  பிறகு உதடுகள் ஒட்டிக்கொண்டன. அவர் முகம் வெளுத்துக்கொண்டே போவதைச் சுண்ணாம்பு பார்த்தாள். இவ்வளவு நேரம் அவர் சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தாள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"ஆமா டாக்டர்" என்றாள் அவள். "நான்தான் செஞ்சேன்."

"நெனச்சேன். பழகணும்னா வேற எதுலயாவது பழகுங்கம்மா. வயசானவர் வாய்தான் கெடச்சுதா உங்களுக்கு?"

"மன்னிச்சிடுங்க டாக்டர்."

"நர்ஸ் அங்கேயே இருக்கட்டும். இன்னிக்கே சார் கையால சரி பண்ணிக் குடுத்தனுப்புங்க."

போன் நின்றதும் தங்கை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "காலேஜ் காலேஜ்னு புத்தி எங்கயோ மேயப் போனா இப்படித்தான். அண்ணன் கட்டிக் காப்பாத்தின பேரு ஒரே நாள்ல போச்சு." படியிறங்கிப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியாது, பாவம். தெரிந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸை உள்ளே உட்கார வைத்து மாமியார் தேநீர் கொடுத்தார். சுண்ணாம்பு கடைக் கதவைச் சாத்திவிட்டு வேலையில் உட்கார்ந்தாள். இடது பக்கப் பற்களை வெட்டி எடுத்தாள். அவற்றைப் பிடித்திருந்த பழைய பிசினைச் சுரண்டித் துடைத்தாள். பல்லை ஒவ்வொன்றாகப் புது மெழுகில் நட்டு, கீல் வைத்த இரும்புச் சட்டத்தில் மாட்டி, மேலும் கீழும் கடிக்க வைத்துப் பார்த்தாள். கடி சரியானதும் மெழுகு இருந்த இடத்தில் பல்செட்டுப் பிசினை ஊற்றி இறுக்கினாள். நீலத் தாளைக் கடிக்க வைத்தால் எங்கே அழுத்துகிறது என்று கறை சொல்லிவிடும். அந்தக் கறையைத் தேய்த்து, மறுபடி கடிக்க வைத்து, மறுபடி தேய்த்து. பல்லுக்காரர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ ஏன் உன் மேல போட்டுக்கிட்ட?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"சொல்லத்தான் நெனச்சேன்."

"எவ்வளவு நேரம் நெனப்பீங்க?"

அவர் கீழே விழுந்திருந்த மெழுகுத் துணுக்கைக் காலால் ஒதுக்கினார். பிறகு, "உனக்கென்ன, நீ போயிடுவ" என்றார். "உன் பேரு கெட்டா ஒரு நாள் பேச்சு. என் பேரு கெட்டா கடையே போச்சு."

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது போல, "அந்த அர்த்தத்துல சொல்லல" என்று சேர்த்தார்.

 யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு இல்லாததுதான் அவளுக்கு வலித்தது. தேய்க்கும் சக்கரத்தை ஓட்டி, அந்தக் கத்தி ஓரத்தை வழவழவென்று ஆக்கினாள். விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தன் கீழுதட்டின் உள்பக்கம் வைத்துத் தடவிப் பார்த்தாள். அந்தப் பெரியவர், கோர்ட் வராந்தா முழுக்கக் கேட்கும்படி பேர் சொல்லிக் கூப்பிட்டவர், வலியைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார் என்பது நினைப்பைவிட்டுப் போகவில்லை. அடுத்து எந்தப் பெரியவர்? அதற்கடுத்து?

"நான் உள்ளூர்லயே சேர்ந்துக்கிறேன்" என்றாள்.

காலையில் தூரத்துக்குப் போ என்று சொன்ன மனிதர் இப்போது வேண்டாம் என்று சொல்வார், ஒரு வார்த்தையாவது மறுப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள் போலும். அவர், "உன் இஷ்டம்" என்றார். சொல்லும்போது அவர் தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. பாரத்தை இறக்கி வைத்த கூலியாளின் தோள் மாதிரி. அதை அவள் பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நர்ஸ் டப்பாவோடு போனாள். வெகுநேரம் ஆகவில்லை, டாக்டரிடமிருந்து போன் வந்தது. "பாத்தீங்களா சார், இது உங்க கை. மாட்டினதும் பெரியவர் முதல் வார்த்தையா என் நர்ஸைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கட்டடமே அதிர்ந்துபோச்சு." பல்லுக்காரர் சிரித்தார். "ரொம்ப சந்தோஷம் டாக்டர்."

சுண்ணாம்பு கை கழுவ உள்ளே போனாள். மாமியார் தொட்டியருகே வந்து, துண்டை நனைத்து, மருமகளின் முழங்கையில் காய்ந்திருந்த வெள்ளையைத் துடைத்துவிட்டார். அவளுக்கு எட்டாத இடம் அது.

"இங்கயே படிக்கிறேன்னு சொன்னியாமே. நல்ல முடிவும்மா. நீ பக்கத்துல இருக்கிற வரைக்கும் அவன் கை நல்லா இருக்கும்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சுண்ணாம்பு குழாயை மூடினாள்.

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? சட்டைக்கு நீ பொத்தான் போட்டு விடுற. தட்டை எடுத்துட்டு ரூமுக்குள்ள போய்ச் சாப்பிடுறான். எனக்கு என்ன கண்ணு பொட்டையா?"

"தெரிஞ்சும் மத்தியானம் சும்மா நின்னீங்களா?"

"திட்டினது உன்னைத்தானே?" துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார். "நீ தாங்குவ. அவன் தாங்க மாட்டான்."

அந்தப் பேச்சில் துளி விஷம் இல்லை. பிள்ளை மேல் பாசம் இருந்தது. மருமகள் மேல்கூட இருந்தது. துண்டைப் பிழிந்து கம்பியில் போட்டுவிட்டு, "எலும்பும் தோலுமா ஆயிட்ட, எதையாவது சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுண்ணாம்பு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். காலையில் உட்காராத நாற்காலி. உள்ளூர்க் கல்லூரியின் உறையை முதலில் இழுத்து, பதில் தாளை எடுத்து, தன் பெயரை எழுதினாள். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

மூன்று நாள் மாலை வகுப்பு. மற்ற நாளெல்லாம் பல். சரியாக வந்தால் அவருடைய கை. தப்பாக வந்தால் அவளுடைய கை. இந்த வீட்டில் தங்கையைத் தவிர எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை எல்லாரும் சேர்ந்து மூடி வைத்திருக்கிறார்கள். மூடியாக இருப்பது அவள். அவள் இருக்கிற வரைக்கும் யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே வராது. அவர் கெட்டவர் இல்லை. கையை மேஜையில் முட்டுக்கொடுத்து, அவளுக்குத் தெரியாமல், அவளை அனுப்புவதற்காகவே அந்த மனிதர் உட்கார்ந்து பல் நட்டிருக்கிறார். அதை நினைத்தபோது முதல் தடவையாகக் கண் நிறைந்தது. ஆனாலும் ரத்தம் வந்தது இன்னொருவர் வாயில்.

அந்தத் தாளை நாலாக மடித்து ஒதுக்கினாள். மற்ற உறையிலிருந்த தாளை எடுத்தாள். 'தாங்கள் அளித்திருக்கும் இடத்தை ஏற்றுக்கொள்கிறேன். குறித்த நாளில் வந்து சேருவேன்.' பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தபடி, தேதி மேலே, கையெழுத்து கீழே.

முன்னறையில் மறுபடி போன். டாக்டரின் குரல் தெளிவாகக் கேட்டது. முதியோர் இல்லம் ஒன்றுக்கு மொத்தமாகப் பல் கட்டித் தரப் பேசியிருக்கிறாராம். முப்பது பேருக்கு மேல். அடுத்த மாதம் ஆரம்பித்தால் முடிக்க அரை வருஷம் ஆகும். "வேற யாரையும் நம்பி இதைக் குடுக்க முடியாது சார். நீங்களே உங்க கையால செஞ்சு தரணும்."

சுண்ணாம்பு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். இப்போதாவது சொல்லலாம். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

"அதுக்கென்ன டாக்டர்" என்றார் பல்லுக்காரர். "செஞ்சுட்டாப் போச்சு."

அவள் தாளை மடித்து உறைக்குள் போட்டாள். பசை தடவி, ஓரத்தை விரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டினாள். எழுந்தபோது அவர் வாசலில் நின்றார். முகத்தில் நல்ல செய்தி கொண்டுவந்த வெளிச்சம்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"உள்ளூருக்குத்தானே?"

"இல்ல."

வெளிச்சம் அணைவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"டாக்டர்கிட்ட இப்பத்தானே ஒத்துக்கிட்டேன். முப்பது பேரு."

"கேட்டுச்சு."

"அவர்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"மத்தியானம் சொல்ல நெனச்சீங்களே, அதைச் சொல்லுங்க."

"நீயே இப்படிக் கழுத்தறுத்தா..."

அவள் நின்றாள். கோபமாக ஏதாவது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. "போறதுக்கு ஒரு மாசம் இருக்கு" என்றாள். "அதுக்குள்ள நீங்க சொன்னா, வேற ஒரு ஆளுக்கு நான் இந்த வேலையைச் சொல்லிக்குடுத்துட்டுப் போறேன். சொல்லாட்டியும் போவேன்."

அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளேயிருந்து மாமியார், "இந்த நேரத்துல எங்கடா போறா?" என்று கேட்பது காதில் விழுந்தது. அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்க அவள் நிற்கவில்லை.

தபால் நிலையத்தில் பாதிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். கவுண்டரில் இருந்த அம்மாள் கணக்கை முடித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கு வந்தா பிரயோஜனம் இல்லம்மா. இன்னிக்கு முத்திரை விழணும்."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உறையை வாங்கி எடை போட்டாள். தபால்தலையை ஒட்டி, முத்திரையை மையில் ஒற்றி, ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். வெளியே வண்டி ஏற்கனவே உறுமிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பின்பக்கம் திரும்பி, "இன்னும் ஒண்ணு இருக்கு, நிறுத்துங்க" என்று கத்தியபடி உறையைப் பைக்குள் போட்டாள்.